வீட்டில் இருப்பதே ஒரு போன், அதையும் பள்ளியில் வாங்கி வெச்சுட்டாங்க. என்ன செய்யலாம்?

அம்மாப்பேட்டை அம்மா
திங்கள், இரவு 9.50

வணக்கங்க. முதல் தடவையா இங்க எழுதறேன், தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

என் பையன் பத்தாவது. போன வெள்ளிக்கிழமை வீட்டுப் போனை எங்களுக்குத் தெரியாம பைக்குள்ள வெச்சு பள்ளிக்கு எடுத்துட்டுப் போயிட்டான். மூணாவது பீரியட்ல கடைசி பெஞ்சுல நாலு பசங்க குனிஞ்சு எதையோ பார்த்துட்டு இருந்திருக்காங்க. சார் வந்து பிடுங்கிட்டார். முழுப் பரீட்சை முடிஞ்சுதான் தருவோம், யார் வந்து கேட்டாலும் கிடையாதுன்னு பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாங்களாம்.

அவன் செஞ்சது தப்பு. அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்லை. ஆனா அது அவன் போன் இல்லைங்க. எங்க வீட்டுக்காரர் கொலுசுப் பட்டறையில கூலிக்கு வேலை பார்க்கறார். எந்த டிசைன், எத்தனை ஜோடி, எப்ப வேணும்னு எல்லாமே வாட்ஸ்அப்ல வருது. கூலிப் பணம் ஜிபேல வருது. கேஸ்காரர் வந்தா ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும். சின்னவ நாலாவது படிக்கிறா, அவ கிளாஸ் குரூப்பும் அதுலதான். நாலு நாளா பக்கத்து வீட்டு அக்கா போனை வாங்கித்தான் பொழப்பு ஓடுது. இதை எழுதறதும் அவங்க போன்லதான்.

சிம் கார்டை மட்டுமாவது கழட்டிக் கொடுங்கன்னு இன்னைக்குக் கேட்டுப் பார்த்தேன். அதுக்கும் இல்லைன்னுட்டாங்க.

போய்ச் சண்டை போடற எண்ணம் இல்லை. பையன் அங்கதான் படிச்சாகணும். எப்படிப் பேசினா காரியம் ஆகும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கணக்கு டீச்சர்
திங்கள், இரவு 10.25

அக்கா, நான் சேலத்துக்கு வெளியே ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் 17 வருஷமாகக் கணக்கு எடுக்கிறேன். முதலில் உங்கள் காரியம்.

நாளைக் காலையில் பிரேயருக்கு முன்னாடியே போங்க. வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்க. வகுப்பாசிரியரிடம் நின்று பேசாமல் நேராகத் தலைமையாசிரியரைப் பாருங்க. வாயால் கேட்பதைவிட ஒரு பேப்பரில் எழுதிக் கொடுங்க: இது குடும்பத்துப் போன், இதில்தான் அவர் வேலை நடக்கிறது, பையன் இனிமேல் எடுத்து வராமல் நாங்கள் பொறுப்பு. கையெழுத்தோட ஒரு தாள் கையில் இருந்தால் திருப்பிக் கொடுக்க அவருக்கும் ஒரு பிடிமானம் கிடைக்கும். பீரோவில் இருக்கும்போது அந்தப் போன் காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். மாசக்கணக்கில் அதைக் காவல் காக்க எந்தத் தலைமையாசிரியரும் ஆசைப்பட மாட்டார். கோபத்தில் சொன்ன வார்த்தை அது. இறங்கி வர அவருக்கு ஒரு படி போட்டுக் கொடுங்க.

எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்க. ஒரு போன் உள்ளே வந்தால் கெடுவது ஒருத்தன் மட்டும் இல்லை. பக்கத்தில் இருப்பவன், முன்னால் திரும்பிப் பார்ப்பவன், "என்னடா அது" என்று எட்டிப் பார்ப்பவன் என்று நாலு தலை போகும். நான் சாப்பாட்டுக் கூடையில் டிபன் பாக்ஸுக்கு அடியிலிருந்து எடுத்திருக்கிறேன், அட்லஸுக்கு நடுவிலிருந்து எடுத்திருக்கிறேன். 2023-ல் யுனெஸ்கோ வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கையில் ஒரு விஷயம் இருந்தது. கவனம் ஒரு தடவை சிதறினால் பாடத்துக்குள் திரும்பி வர 20 நிமிஷம் வரை ஆகலாம் என்று. என் பீரியட் 40 நிமிஷம். இருபடிச் சமன்பாட்டைப் பாதியில் விட்டு ஒரு போனைப் பிடித்தால் அன்றைக்கு அந்தக் கணக்கு முடிந்தது.

இன்னொன்று. எங்களோடு வேலை பார்த்த ஒரு இளம் டீச்சர் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து வீடியோ எடுத்து, பாட்டுப் போட்டு, ரீல்ஸில் விட்டுவிட்டார்கள். அவர் அழுததை நான் பார்த்தேன். அதற்கப்புறம் போர்டு பக்கம் திரும்பவே கூசுகிறது என்றார். போனைப் பிடுங்கிய சார் மனசில் இப்படி ஏதாவது ஒன்று இருந்திருக்கலாம்.

லீபஜார் அப்பா
செவ்வாய், காலை 6.40

எனக்கு இதில் குழப்பமே இல்லை. பள்ளிக்கூடத்துக்குள் போன் வரக் கூடாது, அவ்வளவுதான். பிரான்ஸில் 2018-லேயே சட்டம் போட்டு 15 வயசுவரை பள்ளியில் போனை நிறுத்திவிட்டார்கள். நெதர்லாந்தில் 2024 ஜனவரியிலிருந்து உயர்நிலை வகுப்புகளில் கிடையாது. வெளிநாட்டுக்காரர்களே பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்குகிறார்கள், நாம் எதற்குப் பரிதாபம் பார்க்கணும்? அந்தப் பள்ளி செய்தது சரி. ஒரு பையன் போன் போனால் நாற்பது பையன்களுக்குப் புத்தி வரும்.

நாகலூர்க்காரர்
செவ்வாய், காலை 7.30

ஏற்காடு மேலிருந்து எழுதறேன். காப்பித் தோட்டத்துல வேலை. லீபஜார் அண்ணன் சொல்றது டவுனுக்குச் சரியா இருக்கலாம், எங்க நிலைமை வேற.

என் பொண்ணு பிளஸ் ஒன். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் எஸ்டேட் ரோட்டுல நடக்கணும். கார்த்திகை, மார்கழியில சாயங்காலம் அஞ்சு மணிக்கே பனிமூட்டம் இறங்கிடும், பத்தடி தூரத்துல ஆள் தெரியாது. ரோட்டோரம் காட்டெருமை நிக்கும். மழை பேஞ்சு கொண்டை ஊசி வளைவுல மண்ணு சரிஞ்சா பஸ் கீழயே நின்னுடும். அப்ப புள்ள எங்க நிக்குதுன்னு தெரியாம நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். இந்தப் புள்ளைகிட்ட எப்படிங்க போன் வேண்டாம்னு சொல்றது?

நாங்க செஞ்சது இது. பட்டன் போன் ஒன்னு வாங்கிக் கொடுத்தோம். பேசலாம், மெசேஜ் வரும், வேற ஒன்னும் கிடையாது. காலையில் போனதும் அணைச்சு ஆபீஸ் ரூம்ல ஒரு துணிப்பையில போட்டுடணும், மணி அடிச்சதும் எடுத்துக்கணும். மலை கிராமத்துலேர்ந்து வர்ற பதினோரு புள்ளைங்களுக்கு இப்படி நடக்குது. கிளாஸுக்குள்ள ஒரு நாளும் தொந்தரவு வந்ததில்லை.

அம்மாப்பேட்டை அம்மா
செவ்வாய், மதியம் 2.15

எல்லாருக்கும் நன்றிங்க. காலையில போனோம். தலைமையாசிரியர் மீட்டிங்ல இருந்தார், நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க.

லீபஜார் அண்ணா, நீங்க கோபப்படறது புரியுது. நானும் அன்னைக்கு அவனை ரெண்டு போட்டேன். ஆனா எதுக்குடா எடுத்துட்டுப் போனேன்னு நேத்து ராத்திரிதான் உட்கார வெச்சு நிதானமாக் கேட்டேன். அவன் சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கம் வரலை.

வியாழக்கிழமை ராத்திரி 9 மணிக்குக் கிளாஸ் குரூப்ல அறிவியல் கேள்வி பதில் எட்டுப் பக்கம் போட்டோ எடுத்துப் போட்டிருக்காங்க, காலையில எழுதிட்டு வரணும்னு. அன்னைக்கு அவங்க அப்பா பட்டறையில ராத்திரி வேலை. போனோட அவர் வீட்டுக்கு வரும்போது மணி பதினொன்னரை. பையன் தூங்கிட்டான். காலையில எந்திரிச்சு ரெண்டு பக்கம் எழுதினான், நேரம் பத்தலை. எழுதாமப் போனா வெளிய நிக்க வைப்பாங்கன்னு போனையே பைக்குள்ள போட்டுட்டான். முதல் ரெண்டு பீரியட்ல டெஸ்குக்கு அடியில வெச்சுப் பார்த்து எழுதியிருக்கான். மூணாவது பீரியட்ல பக்கத்துப் பையன் "கொடுடா"ன்னு வாங்கி வேற என்னமோ போட்டுப் பார்த்துட்டு இருந்தப்பதான் சார் வந்திருக்கார்.

வீடியோ பார்த்ததுல இவனும் சேர்ந்துதான் இருக்கான், இல்லைன்னு நான் சொல்லலை. ஆனா ராத்திரி போன்ல பாடத்தை அனுப்பறதும் அந்தப் பள்ளிக்கூடம்தான், காலையில போன் ஏன் கொண்டு வந்தேன்னு கேட்கறதும் அந்தப் பள்ளிக்கூடம்தான். ஒரு போன் இருக்கற வீட்டுப் புள்ள என்னங்க பண்ணும்?

கணக்கு டீச்சர்
செவ்வாய், இரவு 8.45

அக்கா, உங்கள் பதிவை மதியம் ஸ்டாஃப் ரூமில் படித்தேன். சாயங்காலம் வரைக்கும் மனசில் அதேதான் ஓடியது, ஏனென்றால் நானும் குரூப்பில் கணக்குப் போடுகிறவள்.

இது எப்படி ஆரம்பித்தது என்று யோசித்தேன். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினோம். நடுவில் 2021 தொடக்கத்தில் பெரிய வகுப்புகள் கொஞ்ச நாள் நடந்தது போக, 2021 செப்டம்பர் 1-ம் தேதிதான் 9 முதல் 12 வரை மறுபடி திறந்தார்கள், நவம்பர் 1-ல்தான் சின்னப் பிள்ளைகள் வந்தார்கள். அந்த ஒன்றரை வருஷத்தில் பிள்ளைகளோடு எங்களுக்கு இருந்த கயிறு கல்வித் தொலைக்காட்சியும் இந்த வாட்ஸ்அப் குரூப்பும்தான். அன்றைக்கு "எப்படியாவது ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுங்க" என்று வீடு வீடாகப் போன் போட்டுக் கெஞ்சியது நாங்கள். கடன் வாங்கி வாங்கிக் கொடுத்தவர்கள் உண்டு. ஒருவர் தறியை அடமானம் வைத்தார், எனக்குத் தெரியும். பள்ளி திறந்த அன்றைக்கே அந்தக் குரூப்பை நாங்கள் மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. எங்களுக்கு வசதியாக இருந்தது. போர்டில் விட்டுப்போனதை ராத்திரி போட்டோ எடுத்துப் போட்டால் பாடம் முடிந்த கணக்கு.

புத்தகத்திலும் க்யூஆர் கோடு இருக்கிறது, 2018-ல் பாடத்திட்டம் மாறியதிலிருந்து. நல்ல விஷயம்தான். ஆனால் அதை ஸ்கேன் பண்ண வீட்டில் ஒரு போன் வேண்டும், அதுவும் பிள்ளை கையில் வேண்டும்.

இன்னொன்றும் ஒத்துக்கொள்ள வேண்டும். வருகைப் பதிவை நாங்கள் போட வேண்டியது செயலியில். பல பதிவுகள் அதில்தான். வகுப்புக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக நான் போனை எடுக்கிறேன். சிக்னல் இல்லை என்றால் ஜன்னல் ஓரம் போய்த் தூக்கிப் பிடிக்கிறேன். அம்பது பிள்ளைகள் அதைப் பார்க்கிறார்கள். நான் பதிவு போடுகிறேனா, மெசேஜ் பார்க்கிறேனா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இன்றைக்கே ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். வீட்டுப்பாடம் போர்டில், மணி அடிப்பதற்கு ஐந்து நிமிஷம் முன்னால். குரூப்பில் லீவு, பரீட்சைத் தேதி, பெற்றோர் கூட்டம் இவை மட்டும், அதுவும் சாயங்காலம் 6 மணிக்குள். செயலியில் பதிவு போடும்போது "வருகை போடறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, முடிந்ததும் பிள்ளைகள் கண்ணெதிரே போனை மேஜை டிராயரில் வைப்பேன்.

லீபஜார் அப்பா
செவ்வாய், இரவு 9.30

அந்தம்மா, எட்டுப் பக்கம் விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் "பள்ளி செய்தது சரி" என்று எழுதியிருக்க மாட்டேன். மன்னிக்கணும். ஆனாலும் கிளாஸுக்குள் போன் கூடாது என்பதில் நான் மாறவில்லை.

டீச்சர், ஒரு கேள்வி. தடை போட்டால் மார்க் ஏறுகிறதா? அதற்கு ஏதாவது கணக்கு இருக்கிறதா?

கணக்கு டீச்சர்
செவ்வாய், இரவு 10.05

இருக்கிறது சார். 2015-ல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் ஓர் ஆய்வு வந்தது. இங்கிலாந்தில் போனைத் தடை செய்த பள்ளிகளின் மார்க்கைத் தடைக்கு முன், பின் என்று பார்த்தார்கள். மார்க் கொஞ்சம் ஏறியது. யாருக்கு அதிகம் ஏறியது என்பதுதான் முக்கியம்: பின்தங்கிய பிள்ளைகளுக்கு. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. என் கடைசி பெஞ்சு பிள்ளைகளை நினைத்தால் இது எனக்கு ஆச்சரியமாகப் படவில்லை. முதல் பெஞ்சுக்காரன் போனைப் பார்த்தாலும் டியூஷனில் பிடித்துக்கொள்வான்.

மறுபக்கமும் சொல்லணும். 2025-ல் பர்மிங்காம் பல்கலைக்கழகம் 30 பள்ளிகளில் பார்த்தபோது, போனைக் கட்டுப்படுத்திய பள்ளிப் பிள்ளைகளின் மனநலம் மற்றப் பள்ளிப் பிள்ளைகளைவிட மேலாக இல்லை. மொத்தத்தில் போனில் கழிக்கும் நேரமும் குறையவில்லை. போனில் அதிக நேரம் கழித்த பிள்ளைகளுக்குத் தூக்கம், படிப்பு, மனநலம் எல்லாமே மோசமாக இருந்தன. வகுப்பை நாங்கள் காப்பாற்றிவிடலாம். சாயங்காலம் 5 மணிக்கு மேல் எங்கள் கை நீளாது.

பிளஸ் டூ மாணவி, ஓமலூர்
புதன், மாலை 5.50

பெரியவங்க பேசற இடத்துல நானும் சொல்லலாம்னு நினைக்கிறேன்.

எங்க கிளாஸ்ல 38 பேர். எல்லாருக்கும் போன் வேண்டாம்னா யாருக்கும் கஷ்டம் இல்லை. ஏழெட்டுப் பேர் மட்டும் ஒளிச்சு எடுத்துட்டு வரும்போதுதான் கஷ்டம். அவங்களுக்குள்ள ஒரு குரூப், அதுல ஒரு பேச்சு, இன்டர்வெல்ல அதையே பேசிச் சிரிப்பாங்க. நமக்கு ஒன்னும் புரியாது. அதுக்காகவே வீட்டுல அடம்பிடிச்சு போன் வாங்கின பொண்ணுங்க இருக்காங்க. படிக்க வேணும்னு சொல்லித்தான் வாங்கினாங்க.

டீச்சரை வீடியோ எடுத்ததைச் சொன்னீங்க. பொண்ணுங்களையும் எடுக்கறாங்க. என் ஃப்ரெண்ட் டெஸ்க்ல தலை வெச்சுத் தூங்கினதை எடுத்து ஒருத்தன் ஸ்டேட்டஸ் வெச்சான். அவ மூணு நாள் ஸ்கூலுக்கே வரலை. அவங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்பை நிறுத்திடுவார்னு பயந்து யார்கிட்டயும் சொல்லலை. அப்புறம் எங்க தமிழ் மிஸ்தான் கண்டுபிடிச்சு, அந்தப் பையனைக் கூப்பிட்டு, எல்லார் போன்லேர்ந்தும் அழிக்க வெச்சாங்க. பெத்தவங்க தயவுசெஞ்சு இதை மட்டும் வீட்டுல சொல்லிடுங்க: "உன் மேல தப்பு இல்லாத விஷயத்துக்கு நான் உன் படிப்பை நிறுத்த மாட்டேன், என்கிட்ட சொல்லு." இது தெரிஞ்சிருந்தா அவ அன்னைக்கே சொல்லியிருப்பா.

வீட்டுல சொல்ல முடியாதவங்களுக்குக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கு. ஆன்லைன்ல யாராவது மிரட்டினா சைபர் கிரைம் உதவி எண் 1930. எங்க ஸ்கூல் சுவத்துல 14417 எழுதியிருக்கு, பள்ளிக் கல்வித் துறையோடது.

ஆத்தூர் குழு உறுப்பினர்
புதன், இரவு 8.20

நான் எங்க ஊர் அரசுப் பள்ளியின் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். பலருக்கு இந்தக் குழு இருப்பதே தெரியாது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி அமைத்தது. உறுப்பினர்களில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். போன் விஷயத்தைப் பேச இதைவிடச் சரியான இடம் கிடையாது. தனியாகப் போய்த் தலைமையாசிரியர் மேஜை முன்னால் நின்றால் அது கெஞ்சல். குழுவில் வைத்தால் அது தீர்மானம்.

2025-ல் டெல்லி உயர் நீதிமன்றம் இதே மாதிரி ஒரு வழக்கில், பள்ளியில் போனை முழுசாகத் தடை செய்வது நடைமுறைக்கு ஒத்துவராது என்றது. வகுப்பறையில் பயன்படுத்தக் கூடாது, முடிந்த இடத்தில் காலையில் வாங்கி வைத்து சாயங்காலம் திருப்பிக் கொடுக்கலாம், விதிகளைப் பெற்றோர் ஆசிரியரோடு கலந்து பேசி வகுக்க வேண்டும், தவறினால் தண்டனை அளவோடு இருக்க வேண்டும் என்று வழிகாட்டியது. நம்மூர்ப் பள்ளிகளைக் கட்டுப்படுத்துகிற தீர்ப்பு இல்லைதான். தலைமையாசிரியரிடம் பேசும்போது எடுத்துச் சொல்லலாம்.

எங்க பள்ளியில் செய்ததைச் சொல்கிறேன். தச்சரை வைத்து ஒரு மரப்பெட்டி, தபால் ஆபீஸ் மாதிரி சின்னச் சின்ன அறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், அதே நம்பரில் ஒரு தகர வில்லை. அவசியம் கொண்டு வர வேண்டிய பிள்ளைகள் பெற்றோர் கையெழுத்தோடு எழுதிக் கொடுக்கணும். காலையில் அணைத்துப் பெட்டியில் போட்டால் வில்லை கிடைக்கும். நோட்டில் கையெழுத்து. பெட்டி ஆபீஸ் ரூமில் இருக்கும். வகுப்பில் வைத்தால் இன்டர்வெல்லில் கை நீளும், முதல் மாதம் அந்தத் தப்பைச் செய்தோம். விதியை மீறிப் பிடிபட்ட போன் அன்று மாலையே பெற்றோரிடம் போய்விடும். இரண்டாவது தடவை என்றால் பெற்றோரும் பிள்ளையும் ஆசிரியரும் மூன்று பேரும் உட்கார்ந்து பேசணும். பேசாமல் போன் கிடைக்காது. எங்களுக்கு மூன்றாவது தடவை இதுவரை வரவில்லை.

ஒன்று மறந்துவிட்டேன். பெற்றோர் பள்ளி நேரத்தில் பிள்ளைக்குப் போன் போடக் கூடாது. அவசரம் என்றால் ஆபீஸ் நம்பர். எங்க ஊரில் வகுப்பு நடுவில் அதிகம் அடித்த போன்கள் அம்மாக்கள் போட்டவைதான்.

நாகலூர்க்காரர்
புதன், இரவு 9.10

எங்க துணிப்பையில போன்கள் ஒன்னோட ஒன்னு இடிச்சு ரெண்டு போன் டிஸ்ப்ளே போச்சு. பெட்டி நல்ல யோசனைங்க. நாளைக்கே சொல்றேன்.

அம்மாப்பேட்டை அம்மா
வியாழன், இரவு 9.00

போன் கிடைச்சிடுச்சுங்க. எங்க போன்லேர்ந்துதான் எழுதறேன்.

டீச்சர் சொன்ன மாதிரியே நேத்து லெட்டர் எழுதிக் கொண்டு போனோம். தலைமையாசிரியர் படிச்சார். போன் எந்த வேலைக்குன்னு இவர் சொல்லச் சொல்லக் கேட்டுட்டே இருந்தார். அப்புறம் பீரோவைத் திறந்து அவரே எடுத்துக் கொடுத்தார். சார்ஜ் இல்லாம செத்துக் கிடந்துச்சு. ஆன் பண்ணினா இவருக்கு அஞ்சு ஆர்டர் வந்து, பதில் வராததால வேற ஆளுக்குப் போயிருந்துச்சு. அதை இவர் அங்க காட்டலை. நான்தான் சொல்லிட்டேன், குறையாச் சொல்லலை, தெரியட்டும்னு சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்னும் பேசலை.

ராத்திரி 9 மணி வீட்டுப்பாடத்தையும் சொன்னேன். பயந்துட்டேதான் சொன்னேன். போனைப் பிடுங்கின சாரும் அங்கதான் இருந்தார். "இந்த கிளாஸ்ல எத்தனை வீட்ல ஒரே போன்?"ன்னு அவர் கேட்டார். யாருக்கும் தெரியலை. நாளைக்கு கிளாஸ்ல கேட்டு எழுதறேன்னு சொன்னார். இன்னைக்கு கேட்டிருக்கார். 44 பேர்ல 29 வீட்டுல ஒரே போன். அதுல பன்னெண்டு போன் ராத்திரி 9 மணிக்கு மேலதான் வீட்டுக்கு வருதாம், தறிக்கும் பட்டறைக்கும் போயிட்டு.

இன்னைக்கு என் பையன் நோட்டுல வீட்டுப்பாடம் அவன் கையெழுத்துல இருந்துச்சு, போர்டுல எழுதிப் போட்டாங்களாம். ரொம்ப நாளைக்கு அப்புறம் எட்டரைக்கே எழுதி முடிச்சுட்டான்.

வர்ற வெள்ளிக்கிழமை மேலாண்மைக் குழுக் கூட்டம் இருக்குன்னு என்னையும் வரச் சொல்லியிருக்காங்க. பெட்டி யோசனையைச் சொன்னேன், இவரோட பெரியப்பா பையன் தச்சு வேலைதான், கூலி வேண்டாம் பலகைக் காசு கொடுத்தாப் போதும்னுட்டார்.

ஆத்தூர் அண்ணா, ஒரு அறை எத்தனை அகலம், எத்தனை ஆழம் வெச்சீங்க? கவர் போட்ட போனும் போகணும். அவர் நாளைக்குக் காலையில அளவு கேட்கறார்.

ஆத்தூர் குழு உறுப்பினர்
வியாழன், இரவு 9.35

அகலம் நாலு அங்குலம், உயரம் ஒன்றரை, ஆழம் ஏழு. உள்ளே ஒரு துண்டு வெல்வெட் துணி ஒட்டச் சொல்லுங்க, கீறல் விழாது. பின்பக்கம் பலகைக்குப் பதிலாக வலை அடிச்சா சூடு தங்காது. இருபது அறை போதும்மா. பெட்டி வந்ததும் நிறையப் பிள்ளைகள் கொண்டு வருவதையே விட்டுடுவாங்க, எங்களுக்கு முப்பதில் பதினாலு காலியாத்தான் கிடக்கு.